அந்திப் பொழுதும் அடுப்படியும்

அந்திப் பொழுது ஓய்வுக்குரிய பொழுது என்பர் பெரியோர். ஆயினும், மலேசிய நகர்ப்புறத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நாளின் மிகக் கடினமான பொழுதாக அதுவே அமைந்துவிட்டது. தாயும் தந்தையும் பணியிலிருந்து திரும்புகின்றனர். பிள்ளைகள் பசியோடு இருக்கின்றனர். பள்ளிப் பாடம் முடியாமல் கிடக்கிறது. அந்நேரத்தில், “இன்று இரவு என்ன சமையல்?” என்னும் கேள்வி எழுகிறது. கேட்போர் பலர், விடை சொல்லவேண்டியவரோ ஒருவர். அவ்வொருவர் பெரும்பாலும் தாயே.

பெண்கள் வேலைக்குப் போனமையால் வந்த வினை இது என்று கூறுவோர் உளர். தோட்டப்புற வரலாறு அக்கூற்றுக்குத் துணைநிற்கவில்லை. அங்குத் தாய்மாரும் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவியவர்களே. குளிர்ந்த விடியற்காலையில்தான் மரத்தில் பால் நன்கு ஒழுகும். அதனால் வேலை இருளோடு தொடங்கிப் பிற்பகலில் முடிந்தது. மாலைப்பொழுது வீட்டுக்கென மிஞ்சியது. கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகை பார்த்துக்கொண்டது. உடல்நலம் குன்றிய நாளில் பக்கத்து வீட்டுக் குழம்பு ஒரு கிண்ணத்தில் வந்து சேர்ந்தது. அவ்வாழ்வு எளிதாயிருந்தது என்பதன்று. விறகும் அம்மியும் குழாயடியும் தாயின் உடலை வருத்தவே செய்தன. ஆயினும், சமையலுக்கு நேரமும் இருந்தது, துணைக்கைகளும் இருந்தன.

பின்னர்க் காலம் மாறியது. 1972-ஆம் ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. மின்னியல் தொழிற்சாலைகள் பெண்களைப் பெருமளவில் பணிக்கு அழைத்தன. 1985-இல் 13.5 கிலோமீட்டர் நீளமுடைய பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின், பெருநிலத்துப் பிறையில் குடியிருப்போர் கடல் கடந்து தீவுக்குச் சென்று பணியாற்றுதல் எளிதாயிற்று. 2023 ஜனவரி முதல் நாள்தொட்டு வாரப் பணிநேரத்தின் உச்ச அளவு 48 மணியிலிருந்து 45 மணியாகச் சட்டப்படி குறைக்கப்பட்டது. ஆயினும், பாலத்து நெரிசலில் பேருந்துக்குள் கழியும் நேரம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. ஆகவே, மாறியது பெண்ணின் உழைப்பன்று, உழைப்பின் நேரமே. அந்நேரம் மாறியபின்னும் அடுப்படியின் வழக்கம் மாறாதிருப்பதே இன்றைய இடர்ப்பாட்டுக்கு வேர்.

இரவுச் சமையல் ஒரே வேலைபோல் தோன்றினும், அதனுள் நான்கு வேலைகள் அடங்கியுள்ளன: என்ன சமைப்பது என்று முடிவுசெய்தல், பொருள் சேர்த்தல், ஆய்ந்து நறுக்கி அரைத்துவைத்தல், அடுப்பிலேற்றிச் சமைத்தல். இவற்றுள் இறுதியானது ஒன்றே மாலையில் செய்தாகவேண்டியது. மற்ற மூன்றையும் களைப்பு மிகுந்த அவ்வேளையில் திணிப்பதனால்தான் சமையல் சுமையாகிறது.

முடிவுசெய்யும் வேலையை வாரத்திற்கொருமுறை வைத்துக்கொள்ளும் குடும்பத்தில் பாதிச் சுமை குறைந்துவிடும். திங்களன்று பருப்புக் குழம்பும் பயற்றங்காய்ப் பொரியலும், செவ்வாயன்று சார்டின் குழம்பு, புதனன்று தோசை, வியாழனன்று மீகூன், சைவ உணவு வழக்கமுள்ள இல்லங்களில் வெள்ளியன்று இரசமும் கீரையும். இப்பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்தால், முதலில் வீடு திரும்புபவர் எவராயினும் யாரையும் கேளாமலே சோற்றுக்கு அரிசி போடலாம். ஒருநாள் ஒட்டுக்கடையில் உண்பதென்று முன்கூட்டியே முடிவுசெய்வதிலும் தவறில்லை. திட்டமிட்டு உண்பது வேறு. திகைத்துப்போய் ஓடுவது வேறு.

ஆய்ந்து அரைக்கும் வேலையை ஓய்வுநாளுக்கு மாற்றலாம். வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளியை ஒருமுறை வதக்கி, சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவைத்தால், பருப்புக்கும் மீனுக்கும் அதுவே அடிப்படையாகும். ஞாயிறன்று அரைத்த தோசைமாவைப் புளித்தபின் குளிர்ப்பெட்டியில் வைத்தால், குளிர்ச்சி புளிப்பைத் தாமதப்படுத்திப் புதன்வரை காக்கும். உறைந்த மீனை முதல்நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால், மறுநாள் மாலை அது பக்குவமாயிருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வெப்பநாட்டில் உணவு விரைவில் கெடும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். ஆகவே, சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் விடலாகாது. சோற்றில் இக்கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கொதிநீரிலும் சாகாத நுண்வித்துகள் அரிசியில் இருக்கக்கூடும். எஞ்சியதை அகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆற்றி விரைவில் குளிரவைத்தலும், மறுமுறை உண்ணும்போது ஆவி பறக்கச் சூடாக்குதலும் கடமையாகும்.

நேரத்தைப் பகிர்ந்தால் மட்டும் போதாது; கைகளையும் பகிரவேண்டும். கணவன் “உதவி” செய்வதாக எண்ணுமளவும் பொறுப்பு மனைவியிடமே நிற்கிறது. தட்டுகளைக் கழுவுதல் அவன் வேலையென்றால், நினைவூட்டாமலே நடக்கவேண்டும். ஏழு வயதுக் குழந்தை கீரை ஆயலாம்; பத்து வயதுப் பிள்ளை அரிசி அளந்து களைந்து மின்சோற்றுப்பானையில் இடலாம்; பன்னிரண்டு வயதில் பெரியோர் பார்வையில் காய் நறுக்கப் பழகலாம். மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும் இது பொருந்தும். அக்கா அடுப்படியிலும் தம்பி தொலைக்காட்சியின் முன்னும் இருக்கும் வீட்டில், அடுத்த தலைமுறையின் தாயும் இதே மாலைப்பொழுதில் தனித்தே நிற்பாள்.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பயனுண்டு. கீரையை ஆய்கிறோம், அரிசியைக் களைகிறோம், பயற்றைப் புடைக்கிறோம், தேங்காயைத் துருவுகிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடுகைத் தாளிக்கிறோம். ஒவ்வொரு செயலுக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. அடுப்படியை அறியாத மாணவனுக்கு இவை மனனம் செய்யவேண்டிய சொற்பட்டியல்; கீரை ஆய்ந்த மாணவனுக்கோ விரல்நுனி அறிந்த பொருள். ஆய்தல் என்பது வேண்டாததை நீக்கி வேண்டியதைத் தேர்தல் என்று உணர்ந்தவனுக்கு, “ஆய்வு” என்னும் சொல்லை விளக்கவும் அதிகநேரம் வேண்டியதில்லை.

மேலும், பகலெல்லாம் பல மொழிகளுக்கிடையே உழலும் குடும்பம் ஒன்றுகூடித் தமிழில் பேச எஞ்சியிருக்கும் நேரம் இரவு உணவு நேரமே. அப்போது தாய் எரிச்சலோடும் களைப்போடும் அமர்ந்தால், “சீக்கிரம் சாப்பிடு” என்பதற்குமேல் பேச்சு வளராது. மூன்று கறி படைத்துவிட்டு மௌனமாய் எழுவதினும், ஒரு குழம்பும் ஒரு பொரியலுமாக அரைமணி நேரம் அமர்ந்து பேசுவது மேலானது. பிள்ளை பள்ளியில் பெற்ற மகிழ்ச்சியும், வெளியே சொல்லாத அச்சமும் அவ்வேளையிலேதான் வாய்திறக்கின்றன. அவற்றைக் கேட்கும் ஆற்றல் தாய்க்கும் தந்தைக்கும் மிஞ்சியிருக்கவேண்டும். சமையலை எளிதாக்குதல் சோம்பலுக்கு வழியன்று. அவ்வாற்றலைச் சேமிக்கும் வழியேயாகும்.