கொடிகாமத்தில் ஒரு வாடகை வீடு

நான் படிப்பிக்கிறது பருத்தித்துறையில். இவருக்கு வேலை கிளிநொச்சி அறிவியல் நகரில். கலியாணம் முடிஞ்ச நாளிலிருந்து என்ரை சீதன வீட்டிலதான் இருந்தம். விடிய நாலரைக்கு எழும்பி இருட்டோடையே வெளிக்கிடுவார். இரவு சாப்பாட்டுக் கோப்பையில கை இருக்க, கண் சொருகும். மகள் தகப்பனை முழுசாப் பார்க்கிறது ஞாயிற்றுக்கிழமைதான்.

போன மாதம் கொடிகாமத்துக்கு வந்திட்டம். ஏ9 வீதியில பருத்தித்துறை வீதி வந்து சேருற இடம், ரெயில் நிலையமும் இருக்கு. இப்பவும் இவருக்குத்தான் தூரம் கூட. எண்டாலும் பஸ் மாறுற அலைச்சல் இல்லை.

அம்மாவுக்குத்தான் சரியான மனவருத்தம். தாய்வீட்டுக்குப் பக்கத்தில மகள் குடியிருக்கிறது எங்கட ஊர் வழக்கம். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலேயே சீதனத்துக்குத் தனி இடம் இருக்கு. "கொப்பர் கல்லுக் கல்லாச் சேர்த்துக் கட்டின வீட்டைப் பூட்டிப்போட்டு வாடகைக்கோ போறாய்?" எண்டு கேட்டா. எனக்கு வாய் திறக்கேலாமல் போச்சு. அந்த வலி இன்னும் இருக்கு.

இப்ப ஆறரை மணி. இவர் மகளின்ரை கணக்குக் கொப்பியோட விறாந்தையில இருக்கிறார். நான் கையில தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, சந்தையில வாங்கின பலாப்பழத்தைச் சுளை சுளையாய் எடுக்கிறன். அம்மாவுக்கு ஒரு பங்கு எடுத்து வைச்சிருக்கிறன், நாளைக்குப் பள்ளிக்கூடம் போகேக்க குடுக்க.