கணக்கும் கணிப்பொறியும்

வணிகத்திற்கு முதல் இன்றியமையாதது. அம்முதலைக் காப்பது கணக்கு. பெரும்பொருள் ஈட்டியும், கணக்கிற் கருத்தூன்றாமையால் அதனை இழந்தோர் பலர்.

முன்னாளில் தமிழ்நாட்டுக் கடைகளிற் கணக்குப்பிள்ளை என்பார் ஒருவர் சாய்வு மேசையின்முன் அமர்ந்திருப்பார். அன்றாட வரவுசெலவை நாள்வழியில் எழுதி, பின்னர் ஆள்வாரியாகப் பேரேட்டிற் பதிவார். ஒவ்வொரு நடப்பையும் பற்று, வரவு என ஈரிடத்தில் எழுதும் முறையை, இத்தாலியத் துறவியாகிய லூக்கா பாசியோலி, 1494-ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சான தம் கணித நூலில் விளக்கினார். இன்றைய கணிப்பொறியும் அம்முறையினின்று வழுவுவதில்லை.

பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்கா என்னும் வணிகர், தம் தொழிலுக்கேற்ற கணக்கு மென்பொருள் கிடையாமையால், 1986-ஆம் ஆண்டில் தம் மகனார் பரத் கோயங்காவைக் கொண்டு ஒன்றினை ஆக்குவித்தார். அதுவே டாலி எனப் பெயர்பெற்றுச் சிறுகடைகளிலும் பரவிற்று. 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளன்று சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதன்பின், வரிக்கணக்கை இணையவழியே குறித்த காலத்தில் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, கணிப்பொறியை விரும்பாதிருந்தோரும் அதனை நாடினர்.

மதுரையில் மளிகைச் சரக்கு விற்கும் வணிகர் ஒருவர் அவ்வாறே கணிப்பொறி வாங்கி, அதனை இயக்க இளைஞன் ஒருவனையும் அமர்த்தினார். முதிய கணக்குப்பிள்ளை, இனித் தமக்கு அங்கு வேலையில்லை என வருந்தினார். ஒருநாள் இரவு கல்லாப்பெட்டியில் 900 ரூபாய் மிகுந்திருந்தது. கணிப்பொறியிலோ பற்றும் வரவும் ஒத்திருந்தன. “பொறி பிழை செய்யாது, ஐயா” என்றான் இளைஞன். முதியவர் சற்றே எண்ணி, “தம்பி, 900 ஒன்பதால் மீதமின்றி வகுபடும். எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியுள்ளன, துண்டுச்சீட்டுகளைப் பாரப்பா” என்றார். வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த 5,400 ரூபாயை 4,500 என அவன் பதிந்திருந்தான். ஈரிடத்தும் அப்பிழையே ஏறியமையாற் கணக்கு ஒத்துப் போயிற்று!

அப்பிழை அறியப்படாதிருப்பின், பணத்தைச் செலுத்திய ஒருவர் கடனாளியாக நின்றிருப்பார். பல்லாண்டு நட்பும் முறிந்திருக்கும். வணிகர் அன்றே அப்பதிவைத் திருத்துவித்தார். மறுநாள் முதல், இளைஞன் பதிவதும் முதியவர் சீட்டோடு ஒப்புநோக்குவதும் அக்கடையின் வழக்கமாயின. சின்னாளில் முதியவர் கணிப்பொறியை இயக்கப் பழகினார். இளைஞன் கணக்கின் நுட்பம் கற்றான்.

வணிகர்க்குரிய அறத்தைத் திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளார். தராசின் நடுவுநிலைமை கணக்கிற்கும் வேண்டும். பொறி விரைந்து கூட்டும். கூட்டுந் தொகை மெய்யோ பொய்யோ என அது அறியாது. அதனை அறிந்து பதிதல் மனிதன் கடமை. கருவி புதிதாகலாம், நேர்மை பழையதாகவே இருத்தல் வேண்டும்.