கிண்ணத்துக்கு ஏற்ற மீன்

என் மகளின் பத்தாவது பிறந்தநாளன்று உறவினர் ஒருவர் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். உருண்டை வடிவம், நடுத்தரப் பூசணிக்காயின் பருமன், குறுகிய வாய். கழுத்துவரை நிரப்பினால் 4 லீற்றர் தண்ணீர் கொள்ளும். கொழும்பு வெள்ளவத்தையிலே, கடல் தெரியாவிட்டாலும் கடற்காற்று வருகின்ற மாடிக் குடியிருப்பொன்றில் நாங்கள் வசிக்கின்றோம். நாய் வளர்ப்பதற்கு முற்றமில்லை. பறவையைக் கூட்டில் அடைக்க என் தாயார் சம்மதியார். ஆகவே, "இதுக்குள்ள மீன் வளர்ப்பம், அப்பா" என்று மகள் கேட்டபோது, மறுப்பதற்கு என்னிடம் நியாயம் ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாளே அலங்கார மீன் விற்கும் கடையொன்றுக்குச் சென்றோம். "சிறிய கண்ணாடிக் கிண்ணத்துக்கு எந்த மீன் பொருந்தும்?" என்று கேட்டேன். கடைக்காரர் கிண்ணத்தின் அளவைக் கையாற் காட்டச் சொன்னார், காட்டினேன். தங்கமீன் இரண்டைப் பொலித்தீன் பையிலே போட்டுத் தந்தார். என் கேள்வியிலேயே பிழை இருந்தது என்பதை அன்று நான் அறியேன்.

முதல் ஐந்து நாள்களும் வீடு திருவிழாக்கோலம் பூண்டிருந்தது. பாடசாலை விட்டு வந்ததும் மகள் புத்தகப் பையைக்கூட இறக்காமல் கிண்ணத்தின் முன்னே போய் நிற்பாள். காலையிலும் மாலையிலும், இடையிலே விருந்தினர் வந்தால் அவர்கள் பார்ப்பதற்காகவும், மீன்களுக்கு உணவு கிடைத்தது. என் தாயார் மாத்திரம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தம்பி, ஊரிலை நுளம்புக்கெண்டு கிணத்துக்குள்ள மீன் விட்டனாங்கள். அதுகளுக்கு ஒரு கிணறு கிடந்தது. இதுகள் சுத்திச் சுத்தி எங்கை போறது?" என்றார். நான் சிரித்துவிட்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டேன்.

ஆறாம் நாள் தண்ணீர் கலங்கியது. ஏழாம் நாள் மீன்கள் இரண்டும் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியென்று எண்ணி மேலும் உணவு போட்டோம். எட்டாம் நாள் மாலை, சுத்தஞ் செய்தால் யாவும் சரியாகும் என்ற நம்பிக்கையுடன், கிண்ணத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நேரே நிரப்பி, மீன்களை அதில் விட்டேன். விடிந்தபோது இரண்டும் சரிந்து மிதந்தன.

"நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள், அப்பா?"

"ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. இந்த மீனுக்கு ஆயுசு அவ்வளவுதான்."

மகள் ஆறுதலடைந்தாள்; ஆறுதலடையாதவன் நான்தான். அறியாததொன்றை அறிந்தவன்போற் சொல்லிவிட்டேன் என்ற உறுத்தல் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த உறுத்தலே என்னை வாசிக்கத் தூண்டியது.

தங்கமீன் சீன தேசத்திலே ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் பேணி வளர்த்த மீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. முறையாக வளர்த்தால் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்வது அதற்கு அரிதன்று. இங்கிலாந்திலே 1956ஆம் ஆண்டு களியாட்ட விழாவொன்றிற் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன், 1999ஆம் ஆண்டிலே தனது 43ஆவது வயதில் இறந்தது. அந்த எண்ணை வாசித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் வீட்டு மீன்களின் ஆயுள் எட்டு நாள்.

காரணமும் விளங்கிற்று. மீன் தான் சுவாசிக்கும் பூக்களின் வழியாகவே அமோனியாவை நீருக்குள் வெளிவிடுகின்றது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகின்றது. குளத்திலும் ஆற்றிலும் நல்லின பற்றீரியாக்கள் இந்த நஞ்சை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. புதிய தொட்டியொன்றில் அப்பற்றீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். 4 லீற்றர் தண்ணீரில், வடிகட்டி ஏதுமின்றி, உணவு மாத்திரம் தாராளமாக இட்டு, நாங்கள் அந்த மீன்களை அவற்றின் கழிவிலேயே அமிழ்த்தி வைத்திருந்தோம். இறுதியில் நான் ஊற்றிய குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின், நொந்துபோயிருந்த பூக்களை மேலும் எரித்திருக்க வேண்டும். நான் சுத்தமென்று கருதியதே அவற்றுக்கு நஞ்சாயிற்று.

கிண்ணத்தின் வடிவமும் குற்றமற்றதன்று. ஒட்சிசன் நீரினுள்ளே கரைவது மேற்பரப்பின் வழியாக. உருண்டைக் கிண்ணத்தைக் கழுத்துவரை நிரப்பும்போது, நீர் கூடுகின்றது; காற்றுப்படும் பரப்போ குறைகின்றது. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் அதிற் கரையக்கூடிய ஒட்சிசனும் குறைவு. குளிர்ந்த நீரை விரும்பும் தங்கமீனுக்குக் கொழும்பு வெப்பத்தில் இஃது இரட்டைத் தண்டனை. இத்தாலியிலே மொன்சா நகரம் 2004ஆம் ஆண்டிலும், உரோமாபுரி 2005ஆம் ஆண்டிலும் உருண்டைக் கிண்ணங்களில் மீன் வளர்ப்பதைத் தடைசெய்தன என்று அறிந்தபோது எனக்கு வியப்புண்டாகவில்லை.

இனி மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை, அவளை அருகில் இருத்தி, "அண்டைக்கு நான் சொன்னது பிழை, பிள்ளை. ஆயுசு முடிஞ்சு அதுகள் சாகேல்லை. எங்களுக்கு வளர்க்கத் தெரியேல்லை. அதிலும் கடைசிப் பிழை என்னுடையது" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"வடிவாப் பாத்திருந்தால் எவ்வளவு காலம் இருந்திருக்கும்?"

"பத்து வருஷம். பதினைஞ்சும் இருந்திருக்கும்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப நான் கம்பசுக்குப் போகேக்கையும் இருந்திருக்கும்" என்று சொல்லி எழுந்து போனாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை.

எனினும், அடுத்த வாரம் அவளே ஒரு பயிற்சிப் புத்தகத்துடன் வந்தாள். இம்முறை முதலில் மீன்களைப் பற்றி அறிவது. பிறகு முடிவு செய்வது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு மீனின் பெயர். கீழே அது எவ்வளவு வளரும், தனியே வாழுமா, கூட்டமாக வாழுமா, எவ்வளவு நீர் வேண்டும் என்ற கேள்விகள்.

முதலாவது கப்பி. திரினிடாட் தீவிலிருந்து இம்மீனைச் சேகரித்து இலண்டன் நூதனசாலைக்கு அனுப்பிய கப்பி என்பவரின் பெயர் 1866ஆம் ஆண்டில் இதற்குச் சூட்டப்பட்டது. நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் மீன் ஆகையால் இஃது உலகெங்கும் பரவிற்று. சுண்ணாம்புப் பாறையில் ஊறும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர்போன்ற வன்னீர் இதற்கு ஒத்துக்கொள்ளும். ஆனால், கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சு ஈனும். ஏறக்குறைய மாதம் ஒருமுறை ஈனும். ஒருமுறை சேர்ந்த பெண் மீன் பின்னர் ஆண் துணையின்றியே பலமுறை ஈனவும் வல்லது. சிறிய மீன்தான், ஆயினும் அதன் குடும்பம் சிறியதன்று.

இரண்டாவது, எங்கள் நாட்டுக்கே உரிய மீன். இலங்கையின் ஈரவலயத்து நிழல் நீரோடைகளில் வாழும் செந்நிறச் சிறுமீன். சிங்களத்திலே 'லே தித்தெயா' என்பர். உலகச் சந்தையில் 'செரி பாப்' என்பர். தெரணியகல என்னும் இலங்கை அறிஞர் 1929ஆம் ஆண்டு இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். ஐந்து சென்ரிமீற்றரே வளரும். ஆனால், கூட்டமாகத் திரியும் இயல்புடையது. தனியே விட்டால் அஞ்சி ஒடுங்கும். ஆறேழு மீன்கள் வேண்டும். அவை ஓடித் திரிய நீளமான தொட்டி வேண்டும்.

மூன்றாவது, பைற்றர் என்று கடைகளில் வழங்கும் சண்டை மீன். தாய்லாந்து தேசத்து மீன். அந்நாடு 2019ஆம் ஆண்டு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. பூக்களினால் மாத்திரமன்றி, தலையிலுள்ள ஒரு விசேட உறுப்பினாலும் நேரே காற்றைச் சுவாசிக்கும். நம்மவர் பனையேறி என்று அழைக்கும் குளத்து மீனுக்கும் அவ்வுறுப்பு உண்டு. இரண்டு ஆண் மீன்கள் ஒன்றையொன்று கண்டால் போர்தான். ஆகவே தனியே வாழ்வதே அதற்கு நலம். கொழும்பின் வெப்பம் அதற்கு இதம். ஆண் மீன் வாயினாலே நீர்க்குமிழிக் கூடு கட்டி, முட்டைகளைக் காத்து, கீழே விழும் முட்டையை வாயிற் கவ்வி மீண்டும் கூட்டில் வைக்கும் என்று வாசித்தபோது, "பேரைத்தான் பிழையா வைச்சிட்டினம்" என்றாள் மகள்.

"அப்படியானால் கிண்ணத்துக்கு இது சரிதானே?" என்று நான் கேட்டேன். இந்த மீன் சேற்றுக் குட்டையில் வாழ்வது, கிண்ணம் போதும் என்று பலரும் சொல்வதுண்டு. மகள் புத்தகத்தைப் புரட்டினாள். அது வாழ்வது வயல்களிலும் சதுப்புகளிலும். அங்கே நீரின் ஆழம் குறைவு. ஆனால் அகலம் குறைவன்று. காற்றைச் சுவாசிப்பதனால் கிண்ணத்தில் உடனே சாகாது, சாகாமலிருப்பது வாழ்வதாகாது. அமோனியா அதனையும் எரிக்கும். கடைசிப் பக்கத்தில் அவள் எழுதிய முடிவு இதுதான்: "கிண்ணத்துக்கு ஏற்ற மீன் இல்லை."

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டோம். கிண்ணத்துக்கு எந்த மீன் என்பதை விடுத்து, ஒரு பைற்றர் மீனுக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று கேட்டோம். 20 லீற்றர் கொள்ளும் நீள்சதுரத் தொட்டி, மெல்லிய ஓட்டமுடைய பஞ்சு வடிகட்டி, துள்ளி வெளியே விழாதிருக்க மூடி, மூடிக்கும் நீருக்கும் இடையே சுவாசிக்கச் சிறிது காற்றிடம், ஒளிந்துகொள்ள நீர்ச்செடிகள். கூடத்து மேசையின் ஓரத்திலே இவை யாவும் அடங்கின.

தொட்டி வந்த அன்றே மீனும் வரவில்லை. நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை உணவை வெறுந் தொட்டியிற் போட்டு, பற்றீரியா பெருகும்வரை காத்திருந்தோம். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லாது போயினவா என்பதைச் சோதனைத் துளிகளால் மகள் பார்த்துக் குறித்து வந்தாள். மீனில்லாத தொட்டிக்கு உணவு போடுவதைக் கண்டு அயலார் நகைத்தனர். என் தாயாரோ, "புதுச் சட்டியைப் பழக்காமல் ஆராவது உலை வைப்பினமோ?" என்று கேட்டு எங்கள் பக்கம் நின்றார். ஐந்து வாரங்கள் சென்றன.

கடையிலே வரிசையாக அடுக்கிய சிறு போத்தல்களில் மீன்கள் நின்றன. மகள் நிறத்தைப் பார்த்து மயங்கவில்லை. செட்டை கிழியாததா, வயிறு ஊதாததா, விரலைக் கண்டால் திரும்புகின்றதா என்று பார்த்தாள். "அண்ணை, ஒருக்காச் சாப்பாடு போட்டுக் காட்டுங்கோ" என்று கேட்டு, அது தின்பதைக் கண்ட பிறகே பணத்தைக் கொடுக்கச் சொன்னாள். கருநீல நிறத்து மீன் ஒன்று வீட்டுக்கு வந்தது.

அது வந்து எட்டு மாதங்களாகின்றன. இவ்வின மீன் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே வாழும் என்பது மகளுக்குத் தெரியும். அதனையும் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றாள். இம்முறை நான் ஒன்றையும் மறைக்கவில்லை.

பிள்ளைகள் மீன் கேட்கும் வீடுகளில் பெற்றோர் செய்யவேண்டியது அதிகமில்லை. கிண்ணத்தை முதலில் வாங்காதீர்கள். ஐந்து வாரம் பொறுக்கப் பிள்ளைக்கு மனமுண்டா என்று பாருங்கள். பொறுக்கும் பிள்ளை வளர்க்கவும் செய்யும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவிடுங்கள். நீரை ஒருபோதும் முழுவதுமாக மாற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியிலே திறந்து வைத்தால் பெரும்பாலான குளோரின் அகலும். குளோரின் நீக்கும் துளிகள் இன்னும் உறுதியானவை.

பிறந்தநாட் பரிசாக வந்த அந்தக் கிண்ணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது வீணாகவில்லை. ஞாயிறுதோறும் மகள் அதனாலேதான் தொட்டி நீரை அளந்து மாற்றுகின்றாள்: பழைய நீரில் ஒரு கிண்ணம் வெளியே, முதல்நாள் எடுத்து வைத்த நீரில் ஒரு கிண்ணம் உள்ளே. சென்ற ஞாயிற்றுக்கிழமை நிறைந்த கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி சற்று நின்றாள்.

"இவ்வளவுக்குள்ளதான் ரெண்டு பேரையும் விட்டிருந்தனாங்கள், என்னப்பா?" என்றாள்.

"ஓம், பிள்ளை" என்றேன்.

தண்ணீரைப் பூஞ்சாடிக்கு ஊற்றிவிட்டு, அடுத்த கிண்ணத்தை நிரப்பப் போனாள்.