கூரத்தில் கேட்ட கணக்கு

காஞ்சிபுரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். காமாட்சியம்மன், வரதர், பட்டுப் புடவை என்று அதோடு திரும்பிவிடுவதுதான் வழக்கம். பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கூரத்தைப் பார்க்கும் பாக்கியம் இந்தத் தடவைதான் கிடைத்தது. துணைக்கு வந்தவர், பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குப் புடவை நெய்து தரும் வீட்டு அம்மாள். அவர் கணவர் இன்னும் தறியில் உட்காருகிறார். மகன் மட்டும், "தறி என்னோடு போகட்டும்ப்பா" என்று தகப்பனார் சொன்ன ஒரு சொல்லுக்காகத் துபாய்க்குப் போய் நான்கு வருஷமாகிறது.

கூரம் சின்ன ஊர்தான். ஆனால் பழைய ஊர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் இங்கே சிவனுக்குக் கல்லால் ஒரு கோயில் எடுத்தான். அவன் கொடுத்த செப்பேட்டைப் பற்றிக் கேட்டால் குடும்பம் நடத்தும் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்க, தண்ணீரும் நெருப்பும் வைக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பங்கு பிரித்து எழுதி வைத்திருக்கிறான். இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று நாம் மாத முதல் தேதியில் செய்கிற காரியம்தானே!

ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கூரத்தாழ்வானைச் சேவித்தோம். ராமானுஜரின் சீடரான இவர் பிறந்த ஊர் இது. பெரிய செல்வந்தர். எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார். காட்டு வழியில் அந்த அம்மாள், "இங்கே பயம் உண்டோ?" என்று கேட்டாளாம். "மடியில் ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்றார் அவர். கணவர் உண்பதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் எடுத்து வந்திருந்தாள். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, "இனிப் பயமில்லை, வா" என்றாராம்.

கதை முடிந்ததும் என் துணைவி சிரித்தார்.

"அவர் மகான், எறிஞ்சுட்டார். நம்மால முடியுமாம்மா? எம் புள்ள அனுப்பற வட்டில்லதானே பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்!"

பிறகு, கோயில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஒரு வருஷம் முன்பு, கூட்டாளி சொன்னான் என்று மகன் 'உண்டியல்' வழியாகப் பணம் அனுப்பியிருக்கிறான். அங்கே ஒருவரிடம் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டுக்கே கொண்டு வந்து தருவாராம். காசும் கொஞ்சம் கூடக் கிடைக்குமாம். இரண்டு தடவை வந்தது. மூன்றாவது தடவை, ஃபீஸ் கட்டும் வாரத்தில், வரவேயில்லை.

"ரசீது இல்லே. யாருகிட்டே போய்க் கேக்கறது? என் வளையலை அடகு வெச்சுத்தான் கட்டினேன்."

போலீசுக்கும் போக முடியவில்லை. ஏனென்றால் அந்த வழியே 1999-ம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். அனுப்பியவனும் மாட்டிக்கொள்வான்.

அதன்பின் தாயும் மகனும் போனிலேயே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அந்தக் கணக்கை அவர் பைக்குள்ளிருந்த காலண்டர் தாளின் பின்பக்கம் எனக்குக் காட்டினார். பேச்சுக்கு ஒரு கடையில் அனுப்பும் கூலி 20 திர்ஹாம், ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கடையில் "கூலியே கிடையாது". ஆனால் விலை 22 ரூபாய் 40 காசு. மகன் கையில் இருப்பது 1,000 திர்ஹாம் என்றால், முதல் கடையில் 22,540 ரூபாய் வரும், இரண்டாவதில் 22,400தான். அதுவே 500 திர்ஹாம் என்றால் தலைகீழ்! முதலாவதில் 11,040, இரண்டாவதில் 11,200.

"இலவசம்னு போர்டைப் பார்க்கக் கூடாதும்மா. எங் கைக்கு எத்தனை ரூபா வருதுன்னு மட்டும் கேளுன்னு சொல்லிட்டேன்" என்றார். பொருளாதாரப் பட்டதாரி கெட்டார், போங்கள்!

வெளியூரில் கணவரோ பிள்ளையோ இருக்கும் சகோதரிகளுக்கு, அவரிடம் கேட்டதையும் பிறகு நான் வங்கியில் விசாரித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பும்போது சில சமயம் இடையிலுள்ள வங்கி ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். ரிசர்வ் வங்கி அனுமதித்த பணப் பரிமாற்றக் கடைகள் வழியாக வந்தால் 50,000 ரூபாய் வரையில்தான் ரொக்கமாகத் தருவார்கள். அதற்கு மேல் கணக்கில்தான் சேரும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து அங்குள்ள பேநவ்வையும் நம் யூபிஐயையும் இணைத்திருக்கிறார்கள். தேர்ந்த சில வங்கிகளில் போனிலிருந்தே அனுப்பலாம். எதுவானாலும் ரசீது எண்ணை அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரகசிய எண்ணை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. முன்பெல்லாம் முழுப் பணமும் தகப்பனார் கணக்குக்கே வந்து, வந்த வழி தெரியாமல் கரைந்ததாம். இப்போது வீட்டுச் செலவுக்கு மட்டும் அம்மா கணக்குக்கு வருகிறது. மிச்சம், மகன் பெயரில் உள்ள என்.ஆர்.இ. கணக்கில். அவன் வெளிநாட்டில் இருக்கும்வரை அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை.

"நாளைக்கு அவன் திரும்பி வந்தா வெறுங்கையோட நிக்கக் கூடாதில்லே?" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் கையில் புது வளையல் இரண்டு மின்னியதைக் கவனித்தேன்.

"மீட்டுட்டீங்களா?"

"போன மாசம்" என்றார். "அவன் பங்குலேருந்து இல்லம்மா. என் பங்குலேருந்து!"

பல்லவ ராஜா செப்பேட்டில் எழுதினான். இந்த அம்மாள் காலண்டர் தாளில் எழுதுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது.