முலாம்

சில வருஷங்களுக்கு முன்புவரை எங்கள் கோட்டக்குப்பத்தில் பத்து ரூபாய் நாணயத்தை யாரும் கையால் தொட மாட்டார்கள். டீக்கடையில் நீட்டினால், "இது செல்லாதுப்பா, நோட்டா குடு" என்பார்கள். முத்தியால்பேட்டை தாண்டி பாண்டிக்குள் போகும் ஷேர் ஆட்டோவிலும் இதே கதைதான். ரூபாய்க் குறி இருந்தால் நல்லது, பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று ஆளுக்கொரு சாஸ்திரம் வைத்திருந்தார்கள். 2018 ஜனவரியில், 14 வடிவங்களில் வெளியான எல்லாப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் ரொம்ப நாள் செல்லவில்லை.

அரசாங்கம் அச்சடித்த காசை அரசாங்கமே நல்ல காசு என்று சொல்லியும் நம்பாத அதே தெருவில்தான், தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு காட்டிய காசை என் தாய்மாமா ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

மாமா இருபத்திரண்டு வருஷம் தம்மாமில் இருந்தவர். 2012இல் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். ளுஹர் தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டால் மதியத்தூக்கம் வராது. மாமி உள்ளே படுத்துவிடுவார். டிவியில் அந்த நேரத்துக்கு சீரியலும் இல்லாமல் செய்தியும் இல்லாமல் அரைமணி நேரம் ஒரே பொருளைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டில், கத்தி, தோசைக்கல், அப்புறம் நாணயம். கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். "இன்னும் 37 செட்கள் மட்டுமே." மறுநாளும் முப்பத்தேழுதான் இருக்கும். அதை மாமாவிடம் நான் சொன்னபோது, "அது வேற பேட்ச்டா" என்றார்.

முதலில் வந்தது முகலாயப் பேரரசர்கள். பாபர் முதல் அவுரங்கசீப் வரை ஆறு காசு, நீல வெல்வெட் பெட்டி, '24 காரட் தங்க முலாம்', நம்பர் போட்ட சான்றிதழ். 4,999 ரூபாய். ஆறு பேருக்கும் முகம் இருந்தது. முகலாயர் காசுகளில் பெரும்பாலும் எழுத்துதான் இருக்கும்: ஒரு பக்கம் கலிமா, மறுபக்கம் அரசர் பெயர், அச்சடித்த ஊர். ஜஹாங்கீர்தான் கையில் மதுக்கிண்ணத்தோடு தன் உருவத்தைப் பொறித்து வழக்கத்தை உடைத்தவர். அவுரங்கசீப் தன் முகத்தைக் காசில் போடச் சம்மதித்திருப்பார் என்று நினைக்கவே எனக்குச் சிரிப்பு வந்தது. கலிமா பொறித்த காசு கண்டவர் கையிலும் படுகிறதே என்று அதையே எடுத்துவிட்ட மனுஷர் அவர்.

அந்தப் பெட்டியோடு இலவசமாக ஒரு செம்புக்காசும் வந்தது. ஒரு பக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818', மறுபக்கம் ஆஞ்சநேயர். கம்பெனி அப்படியொரு காசை அச்சடித்ததே இல்லை. ஆனாலும் கோயில் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் அது கிடைக்காத ஊர் இல்லை. இந்தக் காசுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, உள்ளே இரிடியம் இருக்கிறது என்று சொல்லி 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேரின் வீட்டுப் பத்திரத்தை விழுங்கியிருக்கின்றன என்று பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும். மாமா அதை மட்டும் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார். "சாமி படம், தூக்கிப் போடக் கூடாது" என்றார்.

அதற்கப்புறம் மக்கா மதினா செட், சுதந்திரப் போராட்ட வீரர்கள் செட், உலக அதிசயங்கள் செட். ஷோகேஸ் நிரம்பியது. ஒவ்வொன்றிலும் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் கொடுத்தது யார் என்று பார்த்தால், விற்ற அதே ஆள்தான். இவ்வளவு எண்ணிக்கைதான் அடிப்போம் என்று சொல்வதும் அவர்தான், அதைக் கணக்குப் பார்ப்பதும் அவர்தான். இந்தியாவில் நாணயம் அடிக்கும் உரிமை மத்திய அரசுக்கு மட்டும்தான் உண்டு. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நான்கு சாலைகள். வேறு யார் அடித்தாலும் அது பதக்கம், பொம்மை. காசு இல்லை.

நம் ஊர்க் கூத்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2004இல் அமெரிக்காவில் 'ஃப்ரீடம் டவர் வெள்ளி டாலர்' என்று ஒன்றை டிவியில் விற்றார்கள். இரட்டைக் கோபுரம் விழுந்த இடத்தில் மீட்ட வெள்ளியில் செய்தது, வடக்கு மரியானா தீவுகளின் அரசு வெளியீடு, விலை இருபது டாலருக்கு அஞ்சு சென்ட் குறைவு. அந்தத் தீவுகளுக்குச் சொந்தமாகக் காசு வெளியிடும் அதிகாரமே கிடையாது. வெள்ளியும் வெறும் முலாம். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் வழக்குப் போட்டு விற்பனையை நிறுத்தினார். செத்துப்போனவர்களின் சாம்பலைக்கூட விட்டுவைக்கவில்லை.

2018 கடைசியில் மாமா மகளுக்கு நிக்காஹ் பேசினார்கள். பையன் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் மாமி பதினைந்து பவுனாவது போட வேண்டும் என்று நின்றார். கையில் ஒன்பதுதான் இருந்தது. அப்போதுதான் மாமா சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "ஷோகேஸ்ல இருக்கே. எடுத்துக் குடுத்துடலாம்."

ஆறு வருஷமாக அவர் அதைச் சேமிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பாண்டியில் தெரிந்த நகைக்கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கடைக்காரர் வயசானவர், மரியாதை தெரிந்தவர். உரைகல்லில் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் கோடு. அதே இடத்தில் இன்னொரு இழுப்பு. கோடு வேறு மாதிரி வந்தது. "பித்தளை பாய்" என்றார். மாமா, "மேல தங்கம் இருக்குல்ல, அதுக்கு எவ்ளோ?" என்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டேன். முப்பது மில்லிமீட்டர் அகலக் காசு. முலாம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்த்தால் ஒரு காசில் மூன்று மில்லிகிராம் தங்கம். அன்றைய விலைக்கு ஒன்பது ரூபாய். ஆறு முகலாயர்களையும் சுரண்டினால் ஐம்பத்து நாலு ரூபாய். மாமா மொத்தமாகக் கொடுத்திருந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம். அந்த வருஷங்களில் தங்கம் பெரிதாக ஏறவில்லை. பவுனாகவே வாங்கியிருந்தால் எட்டுப் பவுன் பக்கம் வந்திருக்கும். இந்தக் கணக்கை நான் மாமாவிடம் காட்டவில்லை. மாமியிடம் காட்டினேன். மாமி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகளுக்குப் போட்டார். நிக்காஹ் நடந்தது.

மாமா முட்டாள் இல்லை. தம்மாமில் இருபது பேரை வைத்து வேலை வாங்கியவர். அங்கே எல்லாமே காகிதம்தான். இக்காமா, ஒப்பந்தம், முத்திரை. முத்திரை இருந்தால் உண்மை. ஊருக்கு வந்தபின் அவரை யாரும் எதையும் கேட்பதில்லை. அந்த நிகழ்ச்சிப் பெண் ஒருத்திதான் போனில், "சார், உங்க பேரப்பிள்ளைங்களுக்கு நீங்க என்ன விட்டுட்டுப் போகப் போறீங்க?" என்று கேட்டாள்.

ஒரு நாணயக் கண்காட்சியில் நான் வாங்கிய ராஜராஜன் செப்புக்காசு ஒன்றை அவரிடம் காட்டினேன். ஆயிரம் வருஷத்துக் காசு, இருநூறு ரூபாய். ஏராளமாக அடித்தார்கள், ஏராளமாகக் கிடைக்கிறது, அதனால் விலை இல்லை. மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா இது, குச்சிகுச்சியா கை காலு? இதுக்கு சர்ட்டிபிகேட் இல்லியா?"

ஊரடங்கு சமயத்தில் இன்னொரு சுற்று வந்தது. 2012இல் வைஷ்ணவி தேவி படத்தோடு வெளியான அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் காசுகளுக்கும், 786 என்று முடியும் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் விலை என்று யூட்யூபில் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவிடம் 786 நோட்டு நான்கு இருந்தது. ஒருவன் போனில் பேசினான்: நாலு லட்சம் தயார், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில். பிறகு ஜிஎஸ்டி. பிறகு ரிசர்வ் வங்கிக் கமிஷன். 11,500 ரூபாய் போனபிறகு அந்த நம்பர் அணைந்தது. பழைய நோட்டு, காசு விற்பனையில் தனக்குச் சம்பந்தமே இல்லை, எந்தக் கமிஷனும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி எச்சரித்தது 2021 ஆகஸ்டில். மாமாவுக்கு அது ஒரு வருஷம் தாமதம்.

போலீசுக்குப் போகலாம், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஊருக்கே தெரியணுமா?" என்றார். அதோடு சரி.

இப்போதும் போன் வருகிறது. அவர் நம்பர் எத்தனை பட்டியலில் கைமாறியிருக்கிறதோ. மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டதால் மாமிதான் எடுக்கிறார். போன வாரம் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் கூப்பிட்டாள். புது செட் வந்திருக்கிறதாம், பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டுமாம். மாமி முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு எவ்ளோம்மா சம்பளம் குடுக்குறாங்க?" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ஒம்போதாயிரம்மா, செட்டு போனா மேல கமிஷன்" என்றாள்.

"எந்த ஊரு நீ?" என்று மாமி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.