112 சென்டிமீட்டர்

நான் ஓவிய ஆசிரியை. 2018-ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரை ஏமாற்றினேன். அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னபோதெல்லாம் என் பக்கத்தைக் கொஞ்சம் மெழுகித்தான் சொல்லியிருக்கிறேன். இன்று மெழுகாமல் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறோம். வரைந்த படம் எப்படிச் சுவருக்குப் போகிறது என்பதைச் சொல்லித் தருவதில்லை. எதை வைப்பது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை மாட்டுவது, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற பெரிய வேலை அது. அதை எட்டு வயதுப் பிள்ளைகளே செய்யட்டும் என்று ஆரம்பித்தேன். நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். அதனால் பின்னால் நான் செய்தது குறைந்துவிடாது.

ஆறு வாரம் வேலை நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் உட்கார வைத்தேன். பெயர், காலம், கிடைத்த ஊர் என்று ஒரு சின்னச் சீட்டு எவ்வளவு சொல்லிவிடுகிறது என்று பேசினோம். இன்னொரு நாள் ஈஞ்சம்பாக்கத்துக்குச் சோழமண்டலம் பார்க்கப் போனோம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் உண்டாக்கிய ஊர். பாட்டிக் துணி முதலான கைவேலைகளை விற்ற பணத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, அங்கேயே தங்கி வரைந்தார்கள் என்று சொன்னேன். "படம் வரையறவங்களே வீடும் கட்டினாங்களா டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள் அப்பா கொத்தனார். அவள் பெயரை இங்கே எழுதும் உரிமை எனக்கில்லை.

வெளிச்சத்துக்கு ஒரு சோதனை செய்தோம். ரோஸ் நிறச் சார்ட் தாளில் பாதியை நோட்டால் மூடி மேற்கு ஜன்னலில் வைத்தோம். மூன்று வாரம் கழித்து நோட்டை எடுத்தால், வெயில் பட்ட பாதி வெளுத்திருந்தது. தாளில் வரைந்த நீர்வண்ணப் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் விடும் என்றேன். மறுநாளே மூன்று பேர் வீட்டிலிருந்து பழைய புடவை கொண்டுவந்து அந்த ஜன்னலை மூடிவிட்டார்கள்.

அடுத்தது உயரம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டரில் இருக்கும்படி மாட்டுவது பல காலரிகளில் வழக்கம், அது பெரியவர்களின் கண்மட்டம் என்றேன். "அப்ப எங்க கண்ணு?" என்றான் ஒருவன். எல்லோரும் உயர வரிசையில் நின்றார்கள். நடுவில் நின்ற பையனின் கண்மட்டத்தை அளந்தோம். 112. அதுதான் நம் கண்காட்சியின் உயரம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். நானும்தான் கை தூக்கினேன்.

கொத்தனார் மகள் மறுநாள் மஞ்சப்பையில் அப்பாவின் ரசமட்டத்தைக் கொண்டுவந்தாள். சிமென்ட் ஒட்டிக் காய்ந்த, ஓரம் தேய்ந்த ரசமட்டம். "குமிழி நடுவுல நிக்கணும் டீச்சர். ஒரு நூல் தப்புனாலும் செவுரு காட்டிக் குடுத்துடும்னு அப்பா சொல்வாரு." பென்சிலால் கூடத்தின் மூன்று சுவரிலும் கோடு போட்டாள். இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு படத்தின் தலையிலும் ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குமிழியைப் பார்த்தாள். பெயர்ச்சீட்டுகளைப் பிள்ளைகளே எழுதினார்கள். "மழை வருது. கிரேயான். எங்க மாடி." "கப்பள். தனியா போகுது." எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம், அது அவர்கள் குரல் என்று மற்ற ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொன்னவள் நான்.

திறந்துவைக்க ஓர் ஓவியர் ஒப்புக்கொண்டார். நான் கல்லூரியில் படித்த நாளிலிருந்தே வியந்து பார்த்தவர். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் என் கண் மாறிவிட்டது. அதுவரை அழகாகத் தெரிந்த சுவர் குட்டையாகத் தெரிந்தது. என் படம் ஒன்றுகூட எந்த காலரிச் சுவரிலும் ஏறியதில்லை. இவளுக்கு மாட்டக்கூடத் தெரியவில்லை என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். பிள்ளைகளைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை.

முதல் நாள் இரவு பதற்றத்தில் செய்துவிட்டேன் என்றுதான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். கண்காட்சி சனிக்கிழமை. வியாழக்கிழமையே டி.டி.பி. கடையில் 34 சீட்டுகளை, பிழை திருத்தி, அச்சடித்து வாங்கிப் பையில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அந்தப் பை என் தோளில்தான் இருந்தது.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இரவு பதினொரு மணி வரை தனியாக நின்று ஆணிகளைப் பிடுங்கினேன். பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தேன். ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தேன். எல்லாப் படங்களையும் 145-ல் மாட்டினேன்.

காலையில் பிள்ளைகள் ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தன் படத்தின் பக்கத்தில் நின்று, சீட்டைத் தொட்டுக் காட்டி, வாசித்து விளக்குவது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். இப்போது சீட்டு அவர்கள் தலைக்கு மேலே இருந்தது. கப்பல் வரைந்தவன் இரண்டு தடவை எம்பிப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டான்.

அந்த ஓவியர் நிதானமாகப் பார்த்தார். "எல்லாம் பிள்ளைங்களே மாட்டினதா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஒரே நேரத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் என்னைப் பாராட்டினார். கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

பத்தரை மணிக்குக் கொத்தனார் வந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கூலியை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளின் வேலையைப் பார்க்க வந்திருந்தார். சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கண்ணை ஓட்டினார். "மட்டம் சுத்தமா இருக்கும்மா" என்றார்.

"அது நான் போட்டதில்லப்பா" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். "ராத்திரி ஆணியெல்லாம் கழண்டு விழுந்துடுச்சு. அதான் நாங்க மாத்தி மாட்டினோம்" என்றேன். மகள் அடித்த ஆணி சரியில்லை என்று ஒரு கொத்தனாரிடம் சொன்னேன். அதுவும் அவளை வைத்துக்கொண்டே.

அவர் சுவரருகே போனார். படத்துக்குக் கீழே நான் அடைத்த ஓட்டை ஒன்றின் மேல் விரலை வைத்தார். பட்டி இன்னும் ஈரமாக இருந்தது. விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியது. விழுந்த ஆணிக்கும் பிடுங்கிய ஆணிக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "சரிங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் என்பதால் ஒன்றும் பேசவில்லை. அப்பா பேசாமல் நின்றதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது ரசமட்டத்தை மஞ்சப்பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருடமும் கண்காட்சி வைத்தேன். சுவர் வேலைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது நாலாம் வகுப்பில் ஒரு கையும் உயரவில்லை. அவளிடம் நேராகவே கேட்டேன். "நீங்களே மாட்டிடுங்க டீச்சர்" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு வருடத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது. ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. பிள்ளைகள் கையால் எழுதிய 34 சீட்டுகளையும் அந்த வெள்ளிக்கிழமை இரவே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். காலையில் பெருக்க வந்த அம்மா அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவற்றில் ஒன்றுகூட இப்போது இல்லை.