சர்வரோக நிவாரணி

எம் இல்லம் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதைக்கு அணித்தே உள்ளது. சென்ற கார்த்திகைத் தீபத்தன்று அங்கே ஒருவன் நீரிழிவு முதலிய சகல நோய்களையும் தீர்க்குமென்று உருண்டைகள் விற்றான். எம் பாட்டியார் அவற்றை வாங்கி, இன்சுலினை நிறுத்திவிட்டார்.

யாம் படித்ததையெல்லாம் எடுத்துரைத்தோம். விக்டோரியா காலத்து இங்கிலாந்திற் புகழ்பெற்ற பீச்சம் மாத்திரைகளைப் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தார் சோதித்து, 1909இல் முடிவை வெளியிட்டனர். அகப்பட்டவை கரியபோளம், இஞ்சி, சவுக்காரம்! வயிறு கழியும், அவ்வளவே. நம் நாட்டிலும் நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரஞ்செய்தல் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

“அவன் என் கையைப் பிடித்து, எங்கே நோகிறதென்று கேட்டான். நீ ஒருநாளாயினும் கேட்டாயா?” என்றார் பாட்டியார். யாம் வாயடைத்து நின்றோம்.

நான்காம் நாள் மயங்கி வீழ்ந்தார், மருத்துவமனையிற் பிழைத்தெழுந்தார். இன்சுலின் ஊசியை இப்பொழுது யாமே இடுகின்றோம். உருண்டைப் பொட்டலமோ, இன்னும் அவருடைய வேதாகமத்தின் அருகிலேயே இருக்கின்றது.